கணினியை வைத்து மாதிரி ரயில் டிகோடரை அமைப்பது: முழுமையான வழிகாட்டி

டிகோடர் என்பது எஞ்சினுக்குள் அமர்ந்து, தண்டவாளம் வழியாக வரும் கட்டளைகளைக் கேட்டு மோட்டாரையும் விளக்குகளையும் இயக்கும் சிறு மின்பலகை. அதை வாங்குவது இலங்கை மலையகத்தில் இருக்கும் நமக்கு லேசான காரியமில்லை. ஹட்டனிலோ பண்டாரவளையிலோ கடைக்குப் போய்க் கேட்டால் கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து வருகிற சொந்தக்காரரின் பையில் வர வேண்டும், இல்லாவிட்டால் தபாலுக்குக் காத்திருக்க வேண்டும். அதனால் ஒன்றைக்கூடக் கருகவிடாமல் வேலையை முடிப்பதுதான் இங்கே முதல் கணக்கு. புதியவர்கள் தடுமாறுகிற இடங்களைப் பார்த்தால், பெரும்பாலும் ஐந்தாவதாகச் செய்ய வேண்டியதை இரண்டாவதாகச் செய்திருப்பார்கள். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

எச்.ஓ. அளவு (87இல் 1) எஞ்சின், சாதாரண மடிக்கணினி, ஆர்டுயினோ மெகா என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையில் ஓடித் தண்டவாளத்துக்குக் கட்டளை அனுப்பும் டி.சி.சி.-ஈ.எக்ஸ்., கணினியில் டிகோடரின் அமைப்பை வாசித்து மாற்றும் ஜே.எம்.ஆர்.ஐ.யின் டிகோடர்ப்ரோ என்ற கூட்டணியை வைத்து எழுதுகிறேன். இரண்டு மென்பொருளும் இலவசம். பலகைக்குப் பதிலாக ஸ்ப்ராக் போன்ற தனிப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு 1, 3, 4ஆம் பகுதிகளில் பலகை, ஷீல்டு பற்றிய பேச்சு மட்டும் தேவைப்படாது, மற்றதெல்லாம் பொருந்தும்.

1. தொடங்குமுன் மேசையில் இருக்க வேண்டியவை

ஆர்டுயினோ மெகா பலகை, அதன்மேல் அமர்ந்து தண்டவாளத்துக்குக் கரண்ட் தரும் மோட்டார் ஷீல்டு, யு.எஸ்.பி. கேபிள். இவை கொழும்புப் புறக்கோட்டையின் எலெக்ட்ரோனிக்ஸ் கடைகளில் கிடைக்கின்றன. கேபிள் வாங்கும்போது டேட்டா போகிற கேபிள்தானா என்று கேட்டு வாங்குங்கள். போன் சார்ஜருக்கு மட்டும் ஆன கேபிளைச் செருகிவிட்டு, பலகை பழுது என்று திருப்பிக் கொடுக்கப் போனவர்கள் உண்டு.

12 முதல் 14 வோல்ட் வரையான டி.சி. அடாப்டர் ஒன்று. வீட்டில் கிடக்கும் 19 வோல்ட் மடிக்கணினி சார்ஜர் வேண்டாம். ஷீல்டு தனக்குள் 2 வோல்ட் அளவு விழுங்கினாலும் மிச்சம் எச்.ஓ. எஞ்சினுக்கும் ஷீல்டுக்கும் அதிகம்.

மல்டிமீட்டர், ஐசோபுரோபைல் ஆல்கஹால், பஞ்சு உதிராத துணி, ஒரு நோட்டுப் புத்தகம். நோட்டு எதற்கு என்று கேட்பார்கள். கரண்ட் போய் மடிக்கணினியும் அணைந்தால், எந்த சி.வி.யில் என்ன இருந்தது என்று சொல்ல அதுதான் மிஞ்சும்.

சி.வி. என்பது டிகோடருக்குள் இருக்கும் எண்ணிட்ட நினைவறை. ஒவ்வொன்றிலும் 0 முதல் 255 வரை ஓர் எண் உட்காரும். டிகோடரை அமைப்பது என்றால் இந்த எண்களை மாற்றுவதுதான், வேறொன்றுமில்லை.

2. டிகோடர் ஏறும் முன் எஞ்சினைச் சோதியுங்கள்

சாதாரண டி.சி. கரண்டில் சரியாக ஓடாத எஞ்சின், டிகோடர் போட்டால் இன்னும் மோசமாக ஓடும். முதலில் டிகோடர் இல்லாமல் 12 வோல்ட் டி.சி.யில் இரண்டு பக்கமும் ஓட்டிப் பாருங்கள். விக்கினால் பல்சக்கரத்தையும் சக்கரத் தொடுப்பையும் இப்போதே சரிசெய்யுங்கள்.

அடுத்து ஸ்டால் கரண்ட், அதாவது சுழல முடியாமல் நிற்கும்போது மோட்டார் இழுக்கும் கரண்ட். மீட்டரை ஆம்பியரில் வைத்து, 12 வோல்ட் கொடுத்து, ஒரு கணம் மட்டும் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்துங்கள். மீட்டர் காட்டுவது டிகோடரின் தாங்குதிறனுக்குக் கீழே இருக்க வேண்டும். எச்.ஓ. டிகோடர்கள் பல 1 ஆம்பியர் அளவில் இருக்கும். பழைய எஞ்சினின் மோட்டார் அதைச் சுலபமாகத் தாண்டும்.

மூன்றாவது சோதனைதான் டிகோடரைக் காப்பாற்றுவது. மோட்டாரின் வயர்களைக் கழற்றிவிட்டு, மீட்டரை பீப் அடிக்கும் தொடர்புச் சோதனைக்கு மாற்றி, அதன் ஒவ்வொரு முனையிலிருந்தும் சக்கரங்களுக்கும் உலோக அடித்தளத்துக்கும் வைத்துப் பாருங்கள். எங்காவது பீப் அடித்தால் மோட்டார் தண்டவாளத்தோடு தொடர்பில் இருக்கிறது. அந்த நிலையில் டிகோடரை இணைத்துத் தண்டவாளத்தில் வைத்தால் சில நொடியில் புகை வரும். பழைய எஞ்சின்களில் மோட்டாரின் ஒரு முனை அடித்தளத்தையே வழியாகப் பயன்படுத்தும், அங்கேதான் பலர் மாட்டுகிறார்கள்.

வயர் நிறங்கள்: சிவப்பு வலத் தண்டவாளம், கறுப்பு இடத் தண்டவாளம், ஆரஞ்சும் சாம்பலும் மோட்டார், வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு, நீலம் விளக்குகளுக்குப் பொதுவான நேர்முனை. எல்.ஈ.டி. என்றால் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் போட மறக்காதீர்கள். எட்டு முள் சொக்கெட்டில் டிகோடரைத் தலைகீழாகச் செருகினால் எஞ்சின் ஓடும், விளக்கு எரியாது. விளக்கு பழுது என்று பிரிக்குமுன் இதைப் பாருங்கள்.

3. புரோகிராமிங் தடத்தைத் தனியாக வையுங்கள்

சி.வி.களை வாசிக்கவும் எழுதவும் மட்டும் ஆன தடம் இது. எஞ்சினை விட ஒரு சாண் நீளமான தண்டவாளத் துண்டு போதும். அதை ஒரு மரப்பலகையில் ஆணியடித்து, ஷீல்டின் பி வெளியீட்டில் இணையுங்கள். ஏ வெளியீடு, ரயில் ஓடும் மெயின் பாதைக்கு.

ஏன் தனித்தடம்? புரோகிராமிங் வெளியீட்டில் கரண்ட் 250 மில்லிஆம்பியர் அளவில் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. வயரிங் தப்பாக இருந்தாலும் டிகோடர் தப்பிக்க இது வாய்ப்புத் தருகிறது. அதனால் புதிதாக டிகோடர் போட்ட எஞ்சின் எதுவானாலும் முதலில் உட்கார வேண்டிய இடம் இதுதான். மெயினில் வைத்து "ஓடுதா பார்ப்போம்" என்கிற ஆசைக்குத்தான் அதிக டிகோடர்கள் பலியாகின்றன.

இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்தத் தடத்தில் அனுப்பும் கட்டளை முகவரி பார்ப்பதில்லை, தடத்தில் நிற்கும் எல்லா டிகோடரிலும் எழுதும். இரண்டு எஞ்சின் நின்றால் இரண்டும் ஒரே எண்ணுக்கு மாறிவிடும். மெயினின் ஒரு கிளைப்பாதையையே புரோகிராமிங் தடமாக்க விரும்பினால் இரண்டு தண்டவாளத்தையும் வெட்டிப் பிரிக்க வேண்டும், எஞ்சின் அந்த இடைவெளிக்கு மேல் நிற்கவும் கூடாது. தொடக்கத்தில் இந்த வம்பே வேண்டாம், தனித்துண்டு நல்லது.

ஷீல்டு பற்றி ஒரு முக்கியமான விஷயம். ஆர்3 வகை மோட்டார் ஷீல்டின் பின்பக்கத்தில் 'வின் கனெக்ட்' என்ற சின்ன இணைப்பு இருக்கும். அதைக் கூரிய கத்தியால் கீறிப் பிரித்துவிட்டு, பிரிந்ததா என்று மீட்டரில் பாருங்கள். பிரிக்காவிட்டால் தண்டவாளத்துக்கான வோல்ட் கீழே மெகா பலகைக்குள்ளும் போகும். மெகாவுக்கு யு.எஸ்.பி. கரண்ட் போதும்.

4. கணினியும் பலகையும் பேச வேண்டும்

முதலில் பலகையில் டி.சி.சி.-ஈ.எக்ஸ். ஏற்றுங்கள். அதற்கென்றே ஈ.எக்ஸ்.-இன்ஸ்டோலர் என்ற நிரல் இருக்கிறது. பலகை எது, ஷீல்டு எது என்று கேட்டு அதுவே ஏற்றிவிடும்.

கணினி பலகையைக் கண்டுகொள்ளவில்லை என்றால் விண்டோஸின் டிவைஸ் மனேஜரைத் திறந்து பாருங்கள். விலை குறைந்த மெகா பலகைகளில் பெரும்பாலும் சி.எச்.340 சிப் இருக்கும். அதற்கான டிரைவரை நிறுவினால் கொம் என்ற பெயரில் ஓர் எண் தோன்றும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் தங்கள் பயனர் பெயரை 'டயல்அவுட்' குழுவில் சேர்த்துவிட்டு ஒருமுறை வெளியேறி உள்ளே வர வேண்டும்.

பிறகு ஜாவா, அதற்குப் பிறகு ஜே.எம்.ஆர்.ஐ. ஜாவா இல்லாவிட்டால் டிகோடர்ப்ரோ திறக்காது. ஜே.எம்.ஆர்.ஐ.யின் 5ஆம் தொடர் பதிப்புகளுக்கு ஜாவா 11 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். முதல்முறை திறக்கும்போது இணைப்பைப் பற்றிக் கேட்கும். தயாரிப்பாளர் பட்டியலில் டி.சி.சி.-ஈ.எக்ஸ்., அப்புறம் குறித்து வைத்த கொம் எண். சேமித்து, நிரலை மூடித் திறங்கள். கேபிளை வேறு யு.எஸ்.பி. ஓட்டையில் செருகினால் கொம் எண் மாறலாம், ஆகையால் ஒரே ஓட்டையைப் பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள்.

5. முதலில் வாசியுங்கள், எதையும் எழுதாதீர்கள்

எஞ்சினைத் தடத்தில் வைக்குமுன் சக்கரங்களைத் துடையுங்கள். மலையில் இது சம்பிரதாயமில்லை. நுவரெலியா, நானுஓயா பக்கத்துப் பனியும் ஈரமும் தண்டவாளத்தில் மெல்லிய கறையை ஏற்றிவிடும். விறகடுப்பு எரிகிற வீடு என்றால் அதன்மேல் புகையும் படியும். ஆல்கஹால் நனைத்த துணியைத் தண்டவாளத்தின் குறுக்கே போட்டு, ஒரு முனைச் சக்கரங்களை அதன்மேல் வைத்து, எஞ்சினைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் உருட்டுங்கள். துணியில் இரண்டு கறுப்புக் கோடு விழும். துணியை நகர்த்தி நகர்த்தி, கோடு விழுவது நிற்கும்வரை உருட்ட வேண்டும்.

இப்போது டிகோடர்ப்ரோவில் 'நியூ லோகோ' அழுத்தி, 'ரீட் டைப் ஃப்ரம் டிகோடர்' என்பதைத் தட்டுங்கள். கண்ணைத் திரையில் வைக்காமல் எஞ்சினில் வையுங்கள். ஒவ்வொரு பதிலுக்கும் அது இலேசாகத் துடிக்கும், காதை அருகில் வைத்தால் மோட்டார் 'டிக்' என்பது கேட்கும். டிகோடருக்கு வாய் கிடையாது. "ஆம்" என்று சொல்ல அது மோட்டாருக்கு 6 மில்லிசெக்கன் அளவுக்குக் கரண்டைத் திறந்து, குறைந்தது 60 மில்லிஆம்பியர் கூடுதலாக இழுத்துக் காட்டுகிறது, பலகை அதை அளந்து புரிந்துகொள்கிறது. மோட்டார் இணைக்காத வெறும் டிகோடரை மேசையில் வைத்து வாசிக்க முயன்றால் பதில் வராததற்குக் காரணம் இதுதான்.

கணினி முதலில் பார்ப்பது சி.வி.8. அதில் தயாரிப்பாளரின் எண் இருக்கும்: இ.எஸ்.யு. 151, ஸிமோ 145, சவுண்ட்ட்ராக்ஸ் 141, டிஜிட்ராக்ஸ் 129, லென்ஸ் 99. சி.வி.7இல் பதிப்பு எண். இரண்டையும் வைத்துப் பட்டியலில் பொருத்தமான வகைகளைக் காட்டும். பல வகை வந்தால் டிகோடர் வந்த பையில் அச்சிட்ட பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஊகித்துத் தேர்ந்தால் பின்னால் தவறான சி.வி.களில் எழுத நேரும்.

வகை சரியானதும் 'ரீட் ஓல் ஷீட்ஸ்' கொடுத்துவிட்டுத் தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். ஒலி டிகோடர் என்றால் இரண்டாவது தேநீரும் குடிக்கலாம். முடிந்ததும் ரோஸ்டரில் சேமியுங்கள். ரோஸ்டர் என்பது டிகோடர்ப்ரோவின் எஞ்சின் பதிவேடு. அங்கே சேமித்ததுதான் ஆலையிலிருந்து வந்த நிலையின் பிரதி. நீங்கள் எதைக் குழப்பினாலும் திரும்பி வர இது வழி காட்டும். இதைச் செய்யாமல் நேரே முகவரியை மாற்ற ஓடுகிறவர்கள்தான் அதிகம்.

6. முகவரி

புதிய டிகோடர் எல்லாம் முகவரி 3 என்று வரும். மாற்றாமல் இரண்டு எஞ்சினை மெயினில் விட்டால் இரண்டும் சேர்ந்து கிளம்பும்.

1 முதல் 127 வரை சிறு முகவரி, அது சி.வி.1இல் அமரும். எஞ்சின் எண்ணையே முகவரியாக வைக்க வேண்டும் என்றால் நீண்ட முகவரி. நம் கோச்சிப் (ரயில்) பாதையில் ஓடிய கனடிய எம்2 வகை 570ஐ எடுத்துக்கொள்வோம். 570ஐ 256ஆல் வகுத்தால் ஈவு 2, மீதி 58. ஈவோடு 192ஐக் கூட்டினால் 194. சி.வி.17இல் 194, சி.வி.18இல் 58. இந்தக் கணக்கை டிகோடர்ப்ரோவே போட்டுக்கொள்ளும். ஆனாலும் கையால் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது, ஏதாவது பிழைத்தால் எங்கே பார்ப்பது என்று புரியும்.

சி.வி.17ஐயும் 18ஐயும் எழுதிவிட்டு "கூப்பிட்டால் வரமாட்டேங்குது அண்ணே" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது சி.வி.29. நீண்ட முகவரியைப் பார் என்று டிகோடருக்குச் சொல்லும் பொத்தான் அங்கேதான் இருக்கிறது.

அதுவும் சரி என்றால் சி.வி.19. முன்பு யாராவது இரட்டை எஞ்சினாகச் சேர்த்து ஓட்டியிருந்தால் அந்தக் கூட்டு முகவரி அங்கே தங்கியிருக்கும், அது இருக்கும்வரை சொந்த முகவரியில் ஓட்ட முடியாது. 0 எழுதுங்கள். கைமாறி வரும் எஞ்சின்களில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

7. சி.வி.29ஐப் பிரித்துப் படியுங்கள்

இது பல பொத்தான்களின் கூட்டுத்தொகை. திசையைத் திருப்ப 1, வேகத்தை 28 அல்லது 128 படியாகப் பிரிக்க 2, சாதாரண டி.சி.யிலும் ஓட 4, ரயில்கொம் (டிகோடர் தகவலைத் திருப்பி அனுப்பும் வசதி) 8, வேக அட்டவணை 16, நீண்ட முகவரி 32. வேண்டியவற்றைக் கூட்டினால் எழுத வேண்டிய எண்.

வாசிக்கும்போது 46 வந்தது என்று வைத்துக்கொள்வோம். 32, 8, 4, 2. அதாவது நீண்ட முகவரி, ரயில்கொம், டி.சி. ஓட்டம், 28 அல்லது 128 படி. இதில் டி.சி. ஓட்டத்தை நிறுத்த 4ஐக் கழித்து 42 எழுதுங்கள்.

டி.சி. ஓட்டத்தை நிறுத்தச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பலகை தடுமாறித் தண்டவாளத்தில் நேர்க்கரண்ட் நின்றுவிட்டால், அந்தப் பொத்தான் திறந்திருக்கும் எஞ்சின் முழுவேகத்தில் பாயும். நண்பர் வீட்டுப் பழைய டி.சி. பாதையிலும் ஓட்ட வேண்டியவர்கள் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

வேகம் கூட்டக் கூட்ட முன்விளக்கு எரிந்து அணைந்து எரிகிறதா? பலகை 28 படியில் பேசுகிறது, டிகோடர் 14 படியில் கேட்கிறது. 2ஐச் சேர்த்தால் தீர்ந்தது, பல்பை மாற்ற வேண்டாம்.

முன்னே போகச் சொன்னால் பின்னே போகிறது என்றால் விளக்கைப் பாருங்கள். போகிற பக்கத்து விளக்கே எரிந்தால் டிகோடர் மறுமுனையை முன்பக்கம் என்று நினைத்திருக்கிறது, 1ஐக் கூட்டுங்கள். எதிர்ப்பக்க விளக்கு எரிந்தால் ஆரஞ்சும் சாம்பலும் மாறியிருக்கின்றன, அதை வயரில்தான் திருத்த வேண்டும்.

8. வேகம்: மலைப்பாதைக்கு ஏற்றபடி

இங்கே வரிசைதான் எல்லாம். சி.வி.3ஐயும் 4ஐயும் முதலில் 0 ஆக்குங்கள். 3 வேகம் ஏறும் நேரம், 4 இறங்கும் நேரம். அவை இருக்கும்போது நீங்கள் பார்க்கிற வேகம் உண்மையான வேகமாக இருக்காது, அளந்தால் தப்பாகவே வரும்.

அடுத்து சி.வி.2. முதல் வேகப்படியில் சக்கரம் மெதுவாக நகரத் தொடங்கும்வரை ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். எஞ்சினைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடேற்றிய பிறகு இதைச் செய்யுங்கள். விடியற்காலைக் குளிரில் கிரீஸ் இறுகியிருக்கும்போது அமைத்தால் மத்தியானம் முதல் படியிலேயே துள்ளும்.

பிறகு சி.வி.5, அதாவது உச்ச வேகம். இங்கே பெரும்பாலானோர் 255ஐ அப்படியே விட்டுவிடுகிறார்கள். பதுளைப் பாதையில் ஏற்றம் பல இடங்களில் 44க்கு 1, வளைவுகளோ சொல்லவே வேண்டாம். அந்தக் கோச்சி மேசையில் மட்டும் பறந்தால் பார்க்க நன்றாகவா இருக்கும்? மணிக்கு 40 கிலோமீட்டரை உச்சமாக வைத்துக்கொண்டால், 87இல் 1 என்ற எச்.ஓ. அளவில் நொடிக்கு 12.8 சென்ரிமீட்டர். நேரான தண்டவாளத்தில் ஒரு மீட்டருக்கு இரண்டு கோடு போட்டு, முழு வேகத்தில் விட்டு, போன் ஸ்டாப்வாட்சில் பாருங்கள். 8 நொடிக்குச் சற்றுக் குறைவாக வர வேண்டும். வேகம் கூடினால் சி.வி.5ஐக் குறையுங்கள். உச்சத்தைக் குறைத்தால் கைப்பிடியின் முழுச் சுற்றும் உபயோகமான வேகத்துக்குள் வந்துவிடும், ஸ்டேஷனுக்குள் மெல்ல நுழைவதும் லேசாகும்.

சி.வி.6 நடுவேகம். 2க்கும் 5க்கும் நடுவில், பாதியை விடக் கொஞ்சம் கீழே வையுங்கள். 5ஐக் குறைத்துவிட்டு 6ஐப் பழைய எண்ணிலேயே மறந்தால், பாதிவரை வேகம் ஏறி அப்புறம் இறங்குகிற கூத்தைப் பார்க்கலாம்.

கடைசியாக 3, 4. சி.வி.3இல் உள்ள எண்ணை 0.896ஆல் பெருக்கினால் நின்ற நிலையிலிருந்து உச்சத்துக்குப் போக ஆகும் நொடிகள் ஏறக்குறைய வரும். 20 எழுதினால் 18 நொடி. சில தயாரிப்புகளில் பெருக்கும் எண் வேறு, கையேட்டைப் பாருங்கள். சி.வி.4ஐ முதலில் சிறிதாக வையுங்கள். நிறுத்தும் தூரம் பழகாமல் பெரிதாக வைத்தால் எஞ்சின் மேசை விளிம்பைத் தாண்டித்தான் நிற்கும்.

ஏற்ற இறக்கம் வைத்த பாதை என்றால், இவ்வளவும் சமதரையில் முடித்த பிறகே ஏற்றத்தில் சோதியுங்கள். இறக்கத்தில் எஞ்சின் தானே வேகமெடுத்து ஓடுகிறது என்றால் மோட்டார் சுமைக் கட்டுப்பாடு அணைந்திருக்கலாம். டிகோடர்ப்ரோவின் மோட்டார் பக்கத்தில் அதைத் திறந்து விடுங்கள்.

9. சேமிப்பும் கரண்டும்

ஒவ்வொரு பகுதி முடிந்ததும் ரோஸ்டரில் சேமியுங்கள். திரையில் மாறியது டிகோடரிலும் மாறிவிட்டது என்று நினைக்காதீர்கள். நிறம் மாறிய கட்டம் என்றால் இன்னும் எழுதப்படவில்லை, 'ரைட் சேஞ்சஸ்' கொடுக்க வேண்டும். ஜே.எம்.ஆர்.ஐ. கோப்புறை முழுவதையும் பென்டிரைவில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

ஏப்ரல், ஒக்டோபர் மாதப் பிற்பகல்களில் இடி முழங்கத் தொடங்கினால் அடாப்டரை மட்டும் அல்ல, யு.எஸ்.பி.யையும் கழற்றுங்கள். கேபிள் செருகியிருக்கும்வரை தண்டவாளம், பலகை, கணினி மூன்றும் ஒரே வயர்தான்.

10. பதில் வராவிட்டால்

திரையில் 'நோ எக்னொலெஜ்' என்று 308 வந்தால் எஞ்சின் பதில் சொல்லவில்லை என்று பொருள். உடனே டிகோடர் செத்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். இந்த வரிசையில் பாருங்கள்.

சக்கரத்தை மறுபடி துடையுங்கள், எஞ்சினை விரலால் இலேசாக அழுத்திக்கொண்டு வாசியுங்கள். அழுத்தினால் வாசிக்கிறது என்றால் தொடுப்புதான் பிரச்சினை. அடுத்து, வயர் பி வெளியீட்டில்தான் இருக்கிறதா பாருங்கள். கரண்ட் தடைபட்டாலும் ஓட வைக்கும் கீப்-அலைவ் கப்பாசிட்டர் இருந்தால் கழற்றுங்கள். அது பதில் துடிப்பை விழுங்கிவிடும். ஒலி டிகோடர்கள் கரண்ட் வந்தவுடன் நிறைய இழுப்பதால் முதல் முயற்சியில் தவறலாம், இரண்டு முறை கொடுத்துப் பாருங்கள்.

வாசிக்கிறது, ஆனால் எழுதினால் மாறவில்லை என்றால் சில தயாரிப்புகளில் உள்ள பூட்டைப் பாருங்கள். சி.வி.15உம் 16உம் ஒரே எண்ணாக இருந்தால்தான் அது திறக்கும்.

இதெல்லாம் பார்த்த பிறகே ரீசெட். இ.எஸ்.யு., ஸிமோ, டிஜிட்ராக்ஸ் டிகோடர்களுக்கு சி.வி.8இல் 8, என்.சி.ஈ.க்கு சி.வி.30இல் 2. பதில் வராவிட்டாலும் எழுத்து உள்ளே போயிருக்கலாம். ஆகவே கரண்டை ஒருமுறை நிறுத்திப் போட்டு, மெயினில் முகவரி 3இல் கூப்பிட்டுப் பாருங்கள்.

அதற்கும் அசையாவிட்டால் டிகோடரைக் கழற்றி, நன்றாக ஓடுகிற இன்னொரு எஞ்சினில் மாட்டி வாசியுங்கள். அங்கே வாசித்தால் பழுது முதல் எஞ்சினின் வயரில், 2ஆம் பகுதியின் சோதனைகளை மறுபடி செய்யுங்கள். அங்கேயும் வாசிக்காவிட்டால்தான் புதியதற்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.